இதயத்துக்கு டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: தெளிவான படம் எடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூளைக்கு வைத்திருக்கும் டிஃப்யூஷன் புரோட்டோகாலை அப்படியே மார்புக்கு ஓட்டிப் பார்த்தால், இதயச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டைதான் தெரியும். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. நாம் அளக்க நினைப்பது திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் தாமாக அலையும் தூரத்தை. 50 மில்லிவினாடியில் ஒரு திசையில் அது சுமார் 12 மைக்ரான். அதே 50 மில்லிவினாடியில் துடிக்கும் சுவர் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மலைப்பாதையில் போகும் பஸ்ஸுக்குள் ஒரு எறும்பு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ரோட்டோரத்தில் நின்று அளக்கிற மாதிரி வேலை இது.

இவ்வளவு சிரமம் எதற்கு? இடது கீழறையின் தசைச்செல்கள் சுருள் வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்பக்கச் சுவரில் ஏறக்குறைய +60 பாகையில் தொடங்கி, நடுவில் பூஜ்ஜியத்தைக் கடந்து, வெளிப்பக்கத்தில் −60 பாகைக்குப் போகிறது இந்தச் சுருள் கோணம். செல்கள் சேர்ந்து மெல்லிய ஏடுகளாகவும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த ஏடுகள் சாய்ந்து நிமிர்வதால்தான் சுவர் தடிக்கிறது. இதயச்சுவர் தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியில் டயஸ்டோலிலும் (இதயம் தளரும் கட்டம்) ஏடுகள் சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. கீழறை விரிந்துபோகும் டைலேட்டட் வகையில் நேர்மாறு: சிஸ்டோலுக்கு (சுருங்கும் கட்டம்) வர வேண்டிய சாய்வு வருவதில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் இதயத்தில், ஊசியோ கான்ட்ராஸ்ட் மருந்தோ இல்லாமல் இதைக் காட்டக்கூடிய முறை இது ஒன்றுதான். அதனால் சிரமப்படலாம்.

எம்ஆர்ஐ அடிப்படை ஓரளவு தெரிந்த டெக்னீஷியன்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குமானது இந்தக் கட்டுரை.

முதலில்: எந்தக் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

படம் சரியில்லை என்றதும் எல்லோரும் செய்வது சராசரி எண்ணிக்கையைக் கூட்டுவது. மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன, அது தீர்ப்பது ஒன்றைத்தான். எனவே சராசரி எடுக்கும் முன், ஒவ்வொரு ஷாட்டையும், அதாவது ஒரே வீச்சில் எடுத்த ஒவ்வொரு படத்தையும், தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

இரைச்சல் என்றால் படம் முழுக்கப் பொடிப்பொடியாக இருக்கும். குறிப்பிட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தாக்காது. பேரலல் இமேஜிங் (பல காயில்களின் உதவியால் வாசிப்பைச் சுருக்கும் முறை) போட்டிருந்தால் உடலின் நடுப்பகுதியில், அதாவது இதயம் இருக்கிற இடத்திலேயே, கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

அசைவால் வரும் சிக்னல் இழப்பு வேறு மாதிரி. சுவரின் ஒரு பகுதி மட்டும் இருண்டிருக்கும், மீதி நன்றாக இருக்கும். அடுத்த துடிப்பில் அதே திசையில் எடுத்த ஷாட்டில் அந்த இடம் திரும்பி வந்திருக்கும். எல்லா ஷாட்டிலும் அதே இடம் இருண்டிருந்தால் பிரச்சினை நீங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தில் இருக்கிறது.

மூன்றாவது உருக்குலைவு. குறைந்த பி-மதிப்புப் படத்திலும் (பி-மதிப்பு என்பது படத்தில் டிஃப்யூஷனின் தாக்கம் எவ்வளவு விழ வேண்டும் என்று நாம் வைக்கும் அளவு) இது இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சுவர் வளைந்தோ இழுபட்டோ ஒரே இடத்தில் குவிந்தோ தெரியும். நுரையீரல் காற்றும் பின்பக்க இதயச் சிரையும் ஒட்டியிருக்கிற கீழ்ப்பக்கவாட்டுச் சுவரில்தான் இது அதிகம்.

அசைவு கெடுத்த ஷாட்களைச் சராசரியில் போட்டால் படம் வழவழப்பாகிவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். எண்கள்தான் தவறாக இருக்கும். நீர் அதிகம் அலைந்தாலும் சிக்னல் குறையும் என்பதால், இருண்ட இடத்தைக் கணக்கு "இங்கே நீர் வேகமாக அலைகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. 37 டிகிரியில் தடையில்லாத நீரின் டிஃப்யூஷன் அளவே சுமார் 0.003 ச.மி.மீ./வினாடிதான். ஸ்பின் எக்கோவில் (கீழே வரும் இரண்டு முறைகளில் ஒன்று) நல்ல இதயத்தசையின் எல்லாத் திசைகளையும் சேர்த்த சராசரி டிஃப்யூஷன் அளவு, அதாவது எம்டி, 0.0015 பக்கம் வரும். உங்கள் வரைபடத்தில் சுவரின் ஒரு பகுதி 0.0025 காட்டினால் நோயைத் தேடும் முன் அசைவைத் தேடுங்கள். 0.003-ஐத் தாண்டினால் தேடவே வேண்டாம், செல்களுக்குள் அடைபட்ட நீர் வெறும் நீரைவிட வேகமாக அலைய முடியாது.

ஆள் ஏறும் முன் ஒரு பாட்டில் தண்ணீர்

ஐஸ் கட்டிகளுக்குள் வைத்த நீர்க்குப்பி போதும். பூஜ்ஜியம் டிகிரியில் நீரின் டிஃப்யூஷன் அளவு 0.0011. சிமுலேட் செய்த ஈசிஜி ட்ரிக்கரோடு (துடிப்பைப் பார்த்து ஸ்கேனைத் தொடங்கும் சைகை) உங்கள் முழு சீக்வென்ஸையும் ஓட்டி, ஒவ்வொரு திசைக்கும் தனியாக அளவைக் கணக்கிடுங்கள். தண்ணீருக்குத் திசை கிடையாது. ஒரு திசையில் மட்டும் எண் கூடினாலோ குறைந்தாலோ, கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்) அளவீட்டிலோ, அதை மாற்றும்போது உண்டாகும் எடி கரன்ட்டிலோ பி-மதிப்புக் கணக்கிலோ பிழை இருக்கிறது. ஸ்பாய்லர், இமேஜிங் கிரேடியன்ட்களும் பி-மதிப்பில் கொஞ்சம் சேரும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். குப்பி உருகும் ஐஸில் நெடுநேரம் ஊறட்டும். வெப்பநிலை ஏறினால் எண்ணும் ஏறும். 25 டிகிரியில் அதே தண்ணீர் 0.0023 காட்டும்.

ஈசிஜியும் மூச்சும்

அலட்சியப்படுத்துவதால் முழு ஸ்கேனும் வீணாகிப்போகும் இடம் இது. காந்தத்துக்குள் பாயும் ரத்தம் தானே மின்னழுத்தம் உண்டாக்கி டி அலையைப் பெரிதாக்கிவிடும். 3 டெஸ்லாவில் இன்னும் மோசம். மெஷின் அதை ஆர் அலை என்று நினைத்துத் தவறான நேரத்தில் ட்ரிக்கர் ஆகிவிடும். போதாததற்கு, டிஃப்யூஷன் கிரேடியன்ட்கள் வலிமையானவை என்பதால் ஈசிஜியில் அவற்றின் குறுக்கீடும் விழும். முடியை மழித்து, தோலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, புது எலெக்ட்ரோட் ஒட்டுங்கள். மேசை உள்ளே போனபிறகு ட்ரேஸை ஒருமுறை பாருங்கள். சரியில்லை என்றால் அப்போதே வெளியே இழுத்து மாற்றி ஒட்டுவதுதான் லாபம்.

மூச்சை வெளியே விட்ட நிலையில் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளிழுத்துப் பிடிப்பதைவிட இதில் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஸ்கேன் தொடங்கும் முன் வெளியிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். இதயநோயாளிகளில் பலரால் மூச்சைத் திரும்பத் திரும்பப் பிடிக்க முடியாது. அவர்களுக்கு, உதரவிதானம் எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கும் நேவிகேட்டர் வைத்து, மூச்சு விட்டபடியே எடுங்கள். இதயம் உதரவிதானம் நகரும் அளவில் சுமார் 0.6 பங்கு நகரும் என்று வைத்து ஸ்லைஸை நகர்த்துவது வழக்கம். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. நேரம் நீளும், படங்களை அப்புறம் ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டியும் வரும். ஆனாலும் களைத்துப்போனவரிடம் பத்தாவது முறையாக "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லி அரைகுறையாகப் பிடிக்கவைப்பதைவிட இதுவே மேல்.

எந்த சீக்வென்ஸ்?

உங்கள் மெஷினின் கிரேடியன்ட் வலிமைதான் இதை முடிவு செய்யும். 1965-இல் ஸ்டேய்ஸ்கலும் டானரும் காட்டிய முறையில் ஒரு ஜோடி கிரேடியன்ட் பல்ஸ்கள் உண்டு. அது அசையாத பொருளுக்குச் சரி. இதயத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று ஸ்டீம், அதாவது ஸ்டிமுலேட்டட் எக்கோ. ஒரு துடிப்பில் பாதி வேலை, அடுத்த துடிப்பின் அதே கட்டத்தில் மீதி. சுவர் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடுவதால் அசைவு ரத்தாகிறது. சாதாரண கிரேடியன்ட் உள்ள மெஷினிலும் ஓடும். விலையும் கொடுக்க வேண்டும்: சிக்னலில் பாதி போய்விடும், ஒரு படத்துக்கு இரண்டு துடிப்பு செலவாகும், இடைப்பட்ட நேரத்தில் தசை சுருங்கி விரிவதும் அளவில் கலக்கும். பி-மதிப்பு இதயத் துடிப்பு இடைவெளியைப் பொறுத்தது என்பதையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று வைத்து 600 போட்டிருப்பீர்கள். ஆளுக்கு 75 துடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 480தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்போதைய இடைவெளியைப் பதிவு செய்து, உண்மையான பி-மதிப்பைக் கணக்கில் கொடுங்கள்.

இன்னொன்று அசைவு ஈடுசெய்த ஸ்பின் எக்கோ. கிரேடியன்ட் வடிவத்தைப் பல துண்டுகளாக்கி, சீரான வேகத்தின் விளைவும் முடுக்கத்தின் விளைவும் பூஜ்ஜியமாகும்படி அமைக்கிறார்கள். வேகத்தை மட்டும் ஈடுசெய்தால் இதயத்துக்குப் போதாது, முடுக்கமும் வேண்டும். இதில் எல்லாம் ஒரே துடிப்பில் முடிந்துவிடும், சிக்னலும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் வடிவம் நீளமானால் எக்கோ நேரமும், அதாவது சிக்னலை வாசிக்கும்வரை காத்திருக்கும் நேரமும், நீளும். 3 டெஸ்லாவில் இதயத்தசையின் டி2, அதாவது சிக்னல் மங்கும் காலம், சுமார் 45 மில்லிவினாடி. எக்கோ நேரம் 60 என்றால் சிக்னலில் 26 சதவீதம் மிஞ்சும். 80 ஆனால் 17 சதவீதம்தான். 20 மில்லிவினாடிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே நேர அமைப்பில் கிரேடியன்ட்டை இரட்டிப்பாக்கினால் பி-மதிப்பு நான்கு மடங்காகும், அதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் வலிமையான கிரேடியன்ட்டுக்கு ஏங்குகிறார்கள். வேல்ஸின் கார்டிஃப்பில் 300 மில்லிடெஸ்லா/மீட்டர் கிரேடியன்ட் கொண்ட ஆராய்ச்சி மெஷினில் இதயத்தையும் எடுக்கிறார்கள். மருத்துவமனை மெஷின்களில் 80 இருந்தால் ஸ்பின் எக்கோவுக்குப் போங்கள். 40 பக்கம்தான் என்றால் ஸ்டீமே நல்லது என்பது என் கருத்து.

ஒன்று மறக்க வேண்டாம்: இரண்டு முறைகளும் வேறு வேறு எண்களைத் தரும். ஸ்டீமில் எம்டி குறைவாகவும், திசைச்சார்பைக் காட்டும் எஃப்ஏ அதிகமாகவும் வரும். ஒன்றில் எடுத்த நோயாளியை இன்னொன்றில் எடுத்த இயல்பானவரோடு ஒப்பிடக் கூடாது.

நேரத்தைத் தேடுங்கள்: அவசரப்படாத இடம் இது

ஸ்பின் எக்கோவில் படத்தின் தரத்தை அதிகம் மாற்றுவது ட்ரிக்கர் தாமதம்தான், அதாவது ஆர் அலைக்குப் பிறகு எவ்வளவு நேரம் விட்டு எடுக்கிறோம் என்பது. மற்றதையெல்லாம் திருத்திக் கிடைப்பதைவிட இதை 40 மில்லிவினாடி நகர்த்திக் கிடைப்பது பல சமயம் அதிகம்.

முதலில் ஷார்ட் ஆக்ஸிஸில் (இதயத்தின் குறுக்குவெட்டில்) ஒரு சினி, அதாவது துடிப்பைக் காட்டும் அசையும் படம் எடுத்து, கீழறை மிகச் சிறிதாகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் சிஸ்டோலின் முடிவு. ஈடுசெய்த ஸ்பின் எக்கோவுக்கு டிஃப்யூஷன் கிரேடியன்ட்கள் அதற்கு முன்பே, சிஸ்டோலின் நடுப்பகுதியில் விழ வேண்டும். அப்போது சுவர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ஓரளவு சீராக நகரும். கிரேடியன்ட் வடிவத்தால் ஈடுசெய்ய முடிகிற அசைவு அதுதான். தளர்ச்சி தொடங்கியதும் அசைவு தாறுமாறாகிவிடும், எந்த ஈடும் அப்போது உதவாது. டயஸ்டோலின் நடுவில் இதயம் சும்மா இருக்கிறதே, அங்கே எடுத்தால் என்ன என்று தோன்றும். அந்த அமைதியான இடைவெளி துடிப்பு வேகத்துக்கு ஏற்பச் சுருங்கி நீளும், வேகம் கூடினால் காணாமலே போகும். சிஸ்டோலின் நீளம் அவ்வளவு மாறாது. சிஸ்டோலில் சுவர் தடித்திருப்பதும் ஒரு லாபம். டயஸ்டோலில் 8 மில்லிமீட்டர் சுவரின் குறுக்கே 2.5 மில்லிமீட்டர் வாக்ஸல் (படத்தின் மிகச்சிறு கட்டம்) மூன்றுதான் அடங்கும். மூன்று புள்ளியை வைத்து +60-இலிருந்து −60 வரை கோடு போடுவது கஷ்டம்.

அப்புறம் ஒரு சோதனை ஓட்டம். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகள், ஒரே பி-மதிப்பு, நடு ஸ்லைஸ் ஒன்று. தாமதத்தை 20 அல்லது 30 மில்லிவினாடியாகக் கூட்டிக்கொண்டே போய், சுவர் முழுவதும் மூன்று திசைகளிலும் இருண்டுபோகாமல் நிற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஆகும் சில நிமிடங்களைக் கேட்டால் அட்டவணை போடுபவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேட்டு வாங்குங்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே எண்ணை வைத்து ஓட்டிவிட்டு, பாதியை அப்புறம் குப்பையில் போடுவதற்குத்தான் அதிக நேரம் செலவாகும்.

ஸ்கேன் நடுவே துடிப்பு வேகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கணிசமாக மாறினால் தாமதத்தையும் மாற்றுங்கள்.

உருக்குலைவும் கொழுப்பும்

ஈபிஐ என்ற வேக வாசிப்பு முறை ஒரே ஷாட்டில் முழுப் படத்தையும் வாசித்துவிடுகிறது, அதனால்தான் துடிக்கும் இதயத்துக்குப் பயன்படுகிறது. வாசிப்பு நீள நீள, காந்தப்புலத்தின் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வும் படத்தை இழுத்து வளைக்கும். வாசிப்பைச் சுருக்குவதுதான் மருந்து. பேரலல் இமேஜிங்கை 2-க்கு மேல் தள்ளாதீர்கள், இரைச்சல் ஏறும். அதைவிட நல்லது பார்வைப் பரப்பைக் குறைப்பது: ரீஃபோகஸ் பல்ஸை வேறு தளத்தில் கொடுத்து, இதயத்தைச் சுற்றிய பட்டையை மட்டும் ஒளிரவைத்தால் வாசிக்க வேண்டிய வரிகள் பாதியாகக் குறையும். மார்புச்சுவரும் வயிறும் மடிந்து வந்து விழும் தொல்லையும் இருக்காது.

ஷிம் என்பது காந்தப்புலத்தைச் சீராக்குவது. ஷிம் பெட்டியை முழு மார்புக்கும் போடாமல் இதயத்துக்கு மட்டும் போடுங்கள். எந்த மூச்சு நிலையில் படம் எடுக்கப் போகிறீர்களோ அதே நிலையில் ஷிம் செய்யுங்கள். உள்ளே இழுத்த மூச்சில் ஷிம் செய்து, வெளியே விட்ட மூச்சில் எடுத்தால் அந்த ஷிம் வேறு ஒரு மார்புக்குச் செய்தது மாதிரிதான்.

கொழுப்பு இன்னொரு தொல்லை. 3 டெஸ்லாவில் அதன் அதிர்வெண் நீரிலிருந்து சுமார் 440 ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கிறது. ஈபிஐயின் ஃபேஸ் திசையில் ஒரு வாக்ஸலுக்கு இருபது, முப்பது ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும் என்பதால் கொழுப்பு பத்து வாக்ஸலுக்கும் மேல் நகர்ந்து வந்து விழும். மார்புக் கொழுப்பு இதயச்சுவரின் மேல் பிறைபோலப் படிந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் அப்புறம் மறக்காது. கொழுப்பு மிக மெதுவாகவே அலைவதால் அதிக பி-மதிப்பிலும் பிரகாசமாக நின்று எண்களைக் கெடுக்கும். ஸ்பேர் போன்ற கொழுப்பு அடக்கும் பல்ஸோ, நீரை மட்டும் தூண்டும் பல்ஸோ கட்டாயம் வேண்டும். ஷிம் சரியில்லை என்றால் இரண்டுமே வேலை செய்யாது.

பி-மதிப்பு, திசை, சராசரி

ஸ்பின் எக்கோவுக்கு 350 முதல் 500 வினாடி/ச.மி.மீ., ஸ்டீமுக்கு 500 முதல் 750. கீழ்நிலைப் படத்துக்குப் பூஜ்ஜியம் வேண்டாம், 50 முதல் 150-க்குள் ஒன்றை வையுங்கள். நுண்குழாய்களில் ஓடும் ரத்தம் வேகமான டிஃப்யூஷன் போல நடிக்கும், சிறிய பி-மதிப்பு அதைத் துடைத்துவிடும். வாக்ஸல் 2.5 மில்லிமீட்டர் சதுரம், 8 மில்லிமீட்டர் தடிமன் என்பது வழக்கமான தொடக்கம். 2 மில்லிமீட்டருக்கு ஆசைப்பட்டால் கனஅளவு 36 சதவீதம் குறையும். அதே விகிதத்தில் சிக்னலும் குறையும். அதை ஈடுகட்ட நேரத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்க வேண்டும்.

டென்சருக்கு (எந்தத் திசையில் எவ்வளவு அலைகிறது என்று காட்டும் கணித அமைப்பு) ஆறு திசை போதும் என்று கணிதம் சொல்லும். ஆறில் ஒன்று கெட்டால் கணக்கே போடமுடியாது, அதனால் 12 வைப்பதே பாதுகாப்பு.

ஒவ்வொரு துடிப்பிலும் படம் எடுக்கலாமா? 3 டெஸ்லாவில் தசையின் டி1, அதாவது சிக்னல் மீளும் காலம், சுமார் 1,200 மில்லிவினாடி. 800 மில்லிவினாடி இடைவெளியில் பாதிச் சிக்னல்தான் மீண்டிருக்கும், இரண்டு துடிப்பு காத்திருந்தால் 74 சதவீதம். ஒரே மொத்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று துடிப்புக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு சற்றே முந்தும். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இன்னும் நீண்ட இடைவெளிதான் நல்லது, சிக்னல் ஏறி இறங்காது.

சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் இரைச்சல் குறையும். இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம். ஃபேஸை விட்டுவிட்டு அளவை மட்டும் வைத்திருக்கும் மேக்னிட்யூட் படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சலின் அடித்தளம் அப்படியே தங்கிவிடும் என்பதும் உண்டு. ஃபேஸைத் திருத்தி, சிக்கலெண் (காம்ப்ளெக்ஸ்) வடிவிலேயே சராசரி எடுக்க உங்கள் மெஷின் அனுமதித்தால் அதைச் செய்யுங்கள். ஃபேஸைத் திருத்தாமல் செய்தால் படமே அழிந்துபோகும்.

எடுத்தபிறகு

இரைச்சல் நீக்கும் மென்பொருளை எல்லாவற்றுக்கும் முன்னால், தொடாத மூலத் தரவில் ஓட்டுங்கள். படங்களை நகர்த்திப் பொருத்தியபிறகு இரைச்சலின் தன்மையே மாறிவிடும். பொருத்தும்போது இதயத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு பொருத்துங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் அசையாத முதுகெலும்பைப் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்.

கெட்ட ஷாட்களை நீக்குவதில் நேர்மை வேண்டும். விதியை முன்கூட்டியே எழுதிவையுங்கள், யார் நோயாளி, யார் இயல்பானவர் என்று தெரியாமல் நீக்குங்கள், எத்தனை நீக்கினீர்கள் என்று பதிவு செய்யுங்கள். ஒரே திசையின் ஷாட்கள் எல்லாம் போய்விட்டால் அந்த ஸ்லைஸைக் கைவிடுவதே முறை.

டென்சரைப் பொருத்த டிப்பை போன்ற இலவசக் கருவிகள் போதும். எல்லை வரையும்போது ரத்தம் கலந்த உள்விளிம்பையும் பாப்பிலரி தசைகளையும் விட்டுவிடுங்கள். பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுருள் கோணம் உள்ளிருந்து வெளியே படிப்படியாக மாறுகிறதா? எதிர்மறை ஐகன் மதிப்பு (டென்சரின் மூன்று முதன்மைத் திசைகளில் வரும் டிஃப்யூஷன் அளவு) வந்த வாக்ஸல்கள் எத்தனை? எஃப்ஏ எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்வியில் ஒரு பொறி உண்டு. இரைச்சல் கூடினால் எஃப்ஏ உயரும், அதைத் தரம் என்று நினைத்து மகிழக் கூடாது. ஏடுகளின் சாய்வுக் கோணம் எல்லாவற்றிலும் பலவீனமானது, ஏனென்றால் இரண்டாம், மூன்றாம் ஐகன் மதிப்புகள் அருகருகே இருக்கின்றன. கொஞ்சம் இரைச்சலே அவற்றை இடம் மாற்றிவிடும். சுருள் கோணம் நன்றாக வந்துவிட்டது என்பதால் இதையும் நம்பிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் முறைகள் இப்போது நிறைய வருகின்றன. பயன்படுத்தலாம், ஆனால் நல்ல இதயங்களை மட்டுமே பார்த்துப் பழகிய நெட்வொர்க் தழும்புள்ள சுவரிலும் அழகான சுருளை வரைந்துவிடக்கூடும். மாரடைப்புத் தழும்பில் எம்டி உயர்ந்து எஃப்ஏ குறைந்திருக்க வேண்டும். சுத்தம் செய்யும் முன்பும் பின்பும் அந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோயாளிகளிடம் போகும் முன், உங்கள் குழுவிலேயே ஒருவரை ஸ்கேன் எடுத்து, மேசையிலிருந்து இறக்கி நடக்கவிட்டு, மறுபடி ஏற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்: ஷிம், சினி, தாமதத் தேடல் எல்லாமே. இரண்டு முறையும் வந்த எம்டியும் கோணங்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, அதைவிடச் சிறிய வித்தியாசத்தை நோயாளியிடம் பார்த்தால் அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. சராசரி எடுக்காத ஷாட்கள், ஒவ்வொன்றின் துடிப்பு இடைவெளி, ட்ரிக்கர் தாமதம் மூன்றையும் சேமித்துவையுங்கள். கன்சோல் பெரும்பாலும் சராசரியை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை அழித்துவிடும், அந்த அமைப்பை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.